சொட்டு நின்றது, தொட்டி ஒழுகியது

புரட்டாசி முதல் சனிக்கிழமை, காலை ஏழரை மணி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து மச்சான் கூப்பிட்டார். "கரண்ட் நிக்கவே மாட்டேங்குது. சுவிட்சைத் தூக்கிவிட்டா பத்து நிமிஷம் இருக்கு, திரும்ப விழுந்துடுது. ஆயா அடுப்பு முன்னாடி உக்காந்திருக்காங்க, முகமே சரியில்ல."

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புரட்டாசி என்றால் தமிழ்க் குடும்பங்களில் மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது. சனிக்கிழமை பூசை இன்னும் கறார். ஆயா தனிப் பாத்திரங்களை எடுத்துக் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். அடுப்போ மின்சார அடுப்பு. உடனே வண்டியை எடுத்தேன்.

ஆயா என் மனைவியின் பாட்டி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்போம். இங்கே பல வீடுகளில் ஆயாதான். வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேச்சு நாலு தலைமுறை தாண்டியும் அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. ஆயாவுக்கு 81 வயது, கை நடுக்கம். நிறைந்த கெட்டிலைத் தூக்கிச் சாய்க்கும்போது இரண்டு முறை கையில் ஊற்றிக்கொண்டார். அதனால் ஜூலை மாதம் பேரப்பிள்ளைகள் சேர்ந்து சிங்க்கில் ஒரு கொதிநீர்க் குழாய் மாட்டிக்கொடுத்தார்கள். சிங்க்குக்குக் கீழே அலமாரியில் மூன்று லிட்டர் தொட்டி, அதற்குள் 1,500 வாட் எலிமென்ட், மேலே தனிக் குழாய். கைப்பிடியைத் திருகினால் 98 டிகிரியில் தண்ணீர் வரும். கோப்பையைக் குழாய்க்கு அடியில் வைத்தால் போதும், எதையும் தூக்க வேண்டியதில்லை.

நான் சர்க்கரை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருப்பவன். டன் கணக்கில் நீராவி தரும் கொதிகலன்களோடுதான் பிழைப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்று நான் எவ்வளவு நேரம் தப்பான இடத்தில் தேடினேன் என்பது உங்களுக்கு முழுதாகப் புரிய வேண்டும்.

வீட்டின் சுவிட்சுகள் எல்லாம் சேரும் டிபி போர்டில் விழுந்திருந்தது எர்த் லீக்கேஜ் சுவிட்ச். 30 மில்லிஆம்பியர் மின்சாரம் வழிதவறிப் பூமிக்குப் போனாலே அது முழு வீட்டையும் அணைத்துவிடும். தென்னாப்பிரிக்க வீடுகளில் எர்த் லீக்கேஜ் விழுந்தால் முதல் சந்தேகம் கீசர்மேல்தான் போகும், எனக்கும் அப்படியே போனது. கீசர் இருக்கும் கூரைக்குள் ஏறி, நாற்பது நிமிடம் தூசியில் தவழ்ந்து, கீசரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. இறங்கி வந்ததும் ஆயா கேட்டார்: "மாப்ளே, தண்ணி கீழ ஒழுகுது, நீ ஏன் மேல ஏறின?"

சிங்க் அலமாரியின் பலகை மூன்று நாளாக ஈரம் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

கீழே குனிந்து பார்த்தால் தொட்டியைச் சுற்றிச் சின்னக் குளம். பிளக்கைப் பிடுங்கியதும் வீட்டுக்குக் கரண்ட் நிலையாக வந்தது, ஆயாவும் அடுப்பேற்றினார். தொட்டிக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு மதியம் வரை ஆறவிட்டேன். இந்தத் தொட்டிகளைச் சூட்டோடு திறக்கக் கூடாது. 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும், இதற்குள் இருப்பது 98.

மதியம் என் அடுத்த தவறு. ஹோஸ் சேரும் இடத்தில்தான் கசிவு என்று நானே தீர்மானித்து, இரண்டு ஹோஸ் வாஷர்களையும் மாற்றினேன். தண்ணீரைத் திறந்தேன், சொட்டு இல்லை. சரி, முடிந்தது என்று பிளக்கைச் செருகினேன். டீ குடிக்க உட்கார்ந்த நேரத்தில் மறுபடி ஈரம்.

அப்போதுதான் ஒழுங்காக யோசித்தேன். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றினேன்: இரண்டு ஹோஸ் முனைகள், குழாயின் அடிக்கழுத்து, எலிமென்ட் உட்காரும் வட்டத் தகடு. முதலில் கரண்ட் இல்லாமல் தண்ணீரை மட்டும் திறந்து ஒரு மணி நேரம் விட்டேன். நான்கு டிஷ்யூவும் காய்ந்தே இருந்தன. பிறகு கரண்டைப் போட்டேன். ஒன்பதாவது நிமிடம் எலிமென்ட் தகட்டைச் சுற்றிய டிஷ்யூ மட்டும் நனைந்தது. அங்கிருந்து வழிந்த நீர்தான் மின் இணைப்பு மூடிக்குள் இறங்கி எர்த் லீக்கேஜைத் தட்டிவிட்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேலே குழாயைத் திறந்தால், நீர் அமைதியாக வரவில்லை. பாம்பு சீறுவதுபோல் ஒரு முறை துப்பிவிட்டுத்தான் ஓட ஆரம்பித்தது.

குளிர்ந்திருக்கும்போது கசியாது, சூடேறும்போது கசியும், திறந்தால் சீறும். ஆலையில் யாராவது இப்படி வந்து சொல்லியிருந்தால் ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்பேன்: உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வெளியேற வழியில்லை. சமையலறையில் மூன்று லிட்டர் தொட்டி என்றதும் அது ஒரு கொதிகலன் என்பதே மறந்துபோயிருந்தது.

வழி ஏன் இல்லை? தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த படத்தில் குழாய்க்குக் கீழே மூன்று வால்கள், அதாவது தொங்கும் மூன்று ஹோஸ்கள், வரைந்திருந்தன. எங்கள் அலமாரியில் தொட்டியிலிருந்து மேலே போனது ஒரே ஒரு ஹோஸ்.

இந்த வகைத் தொட்டி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். தெருக் குழாயின் அழுத்தம் தொட்டிக்குள் வரவே கூடாது. குளிர்ந்த நீர் முதல் வால் வழியாக மேலே குழாய்க்குப் போகிறது. வால்வு இருப்பது அங்கே, குளிர்நீர் வழியில். கைப்பிடியைத் திருகினால் குளிர்நீர் இரண்டாவது வாலில் இறங்கித் தொட்டியின் அடியில் புகுகிறது, அது தள்ளும் தள்ளலில் மேலே இருக்கும் கொதிநீர் மூன்றாவது வால் வழியாக ஏறி மூக்கில் கொட்டுகிறது. அந்த மூன்றாவது வழியில் வால்வே கிடையாது. தொட்டிக்கும் குழாயின் மூக்குக்கும் நடுவே எப்போதும் திறந்த பாதை. கைப்பிடியை மூடினால் நிற்பது உள்ளே போகும் குளிர்நீர்தான், கொதிநீரின் வாய் திறந்தேதான் இருக்கும். சோற்றுப் பானையின் மூடியைக் கொஞ்சம் தள்ளி வைப்போமே, அதே கணக்கு.

மாட்டப்பட்டிருந்ததோ சாதாரணச் சமையலறைக் குழாய். தெருத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள், தொட்டியிலிருந்து ஒரு ஹோஸ் குழாய்க்கு, குழாயில் வால்வு. பானை மூடியை இறுக்கிக் கட்டியாயிற்று. சாதாரணமாகச் சூட்டில் பெருகும் நீர் தெருக் குழாய்க்கே திரும்பிப் போயிருக்கும். ஆனால் தொட்டிக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருந்தது, அதன் தலையில் ஒருவழி வால்வு. அந்தக் கதவும் அடைபட்டது.

தொட்டியை வெளியே எடுத்துத் தரையில் வைத்தேன். தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி ஆடியது. தட்டையாக இருக்க வேண்டிய எஃகு அடித்தகடு வெளிப்புறமாகத் தொப்பை போட்டிருந்தது. தோட்டக் குழாயில் அழுத்தமானியை மாட்டிப் பார்த்தேன், 6 பார். ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ பாரம். ஆயாவின் வீடு மேட்டிலிருந்து இறங்கும் தெருவின் கடைசியில் இருக்கிறது, பள்ளத்தில் அழுத்தம் கூடத்தான் செய்யும். தொட்டியின் அடித்தகடு 18 சென்டிமீட்டர் விட்டம், கிட்டத்தட்ட 254 சதுர சென்டிமீட்டர். 6 பார் என்றால் அந்தத் தகட்டின்மேல் மட்டும் ஒன்றரை டன்னுக்கு மேல் பாரம். இது சூடேற்றுவதற்கு முன்னால் உள்ள கணக்கு. நீர் பெருகும்போது இன்னும் ஏறும். எலிமென்ட் தகட்டின் ரப்பர் வளையம் முதலில் தோற்றது நம் அதிர்ஷ்டம். அது கசிந்ததால்தான் தகடு கிழியவில்லை.

தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து கெட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு படுக்கையில் யோசித்தேன். 6 பார் அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 165 டிகிரி வரை நீராகவே இருக்கும். அந்த நிலையில் தொட்டி கிழிந்தால், உள்ளிருக்கும் நீரின் ஒரு பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் நீராவியாகும். நீர் ஆவியானால் அதன் இடம் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். தெர்மோஸ்டாட்டுக்கு மேல் இன்னொரு வெப்பத் தடுப்பானும் தொட்டியில் இருக்கிறது, உண்மைதான். அது ஒன்றுதான் நடுவில் நின்றிருக்கிறது. ஆயா தினமும் அந்த அலமாரிக்கு முன்னால் நின்று பாத்திரம் கழுவுபவர்.

சரி, அந்தச் சாதாரணக் குழாயை யார், ஏன் மாட்டினார்கள்?

முதல் குழாய் சொட்டியது. ஜூலையில் மாட்டிய நாளிலிருந்தே டீ பிடித்த பிறகு கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நிற்கும். "சொட்டுற குழாய் இருக்கிற வீட்டில காசு தங்காது" என்று ஆயா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்தப் பகுதியில் கேபிள் கோளாறு, இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. விடியற்காலையில் ஆறிப்போன தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்தார்கள். பிறகு கரண்ட் வந்ததும் சிங்க்கில் வைத்திருந்த டம்ளரில் அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்துவிட்டது, அதற்குள் யாரும் குழாயைத் தொடாமலே. இது பெரிய ரிப்பேர் என்று முடிவாகி, தெருவில் எல்லா வேலையும் செய்யும் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் குழாயைப் பிரித்துப் பார்த்துக் குறை எதுவும் காணாமல், "இந்த மாடலே மோசம்" என்று சொல்லிக் கனமான நல்ல குழாயாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார். சொட்டு நின்றது. மூன்று வாரம் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்தச் சொட்டு கோளாறே இல்லை. 20 டிகிரித் தண்ணீரை 98-க்குக் கொண்டுபோனால் அது நூற்றுக்கு நாலு பங்கு பெருகும். 250 மில்லி கோப்பை ஒன்று பிடித்தால், அதற்குப் பதிலாக உள்ளே வந்த 250 மில்லி குளிர்நீர் சூடேறும்போது சுமார் 10 மில்லி கூடுதலாகும். அந்த 10 மில்லி எங்கே போகும்? திறந்த வாய் வழியாக வெளியே வந்தாக வேண்டும். ஒரு சொட்டு இருபதில் ஒரு மில்லி என்று வைத்தால் இருநூறு சொட்டு. பார்ப்பவருக்கு நிறைய என்றுதான் தோன்றும். இரவெல்லாம் ஆறிச் சுருங்கி, விடியற்காலையில் குழாயைத் திறந்தபோது குளிர்நீரால் மறுபடி நிரம்பிய முழுத் தொட்டியும் காலையில் சூடேறினால் மூன்று லிட்டருக்கு 120 மில்லி. ஆயாவின் அரை டம்ளர் இதுதான், கணக்கு தவறவில்லை. சில தொட்டிகளில் இந்தப் பெருக்கத்துக்கென்று உள்ளேயே காலி இடம் விட்டிருப்பார்கள், அவை அவ்வளவாகச் சொட்டாது. பக்கத்து வீட்டில் சொட்டவில்லையே என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான் உதவாது.

அழுத்தம் தாங்கும்படி செய்த மூடிய தொட்டிகளும் கடையில் உண்டு. அவற்றில் வால்வு கொதிநீர் பக்கத்தில் இருக்கும், கூடவே ஒரு பாதுகாப்பு வால்வும் தனி வடிகாலும் கட்டாயம். சூடேறும்போது அந்த வடிகாலில் சொட்டும். அதையும் யாரும் அடைக்கக் கூடாது.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லெனேசியாவில் இருக்கும் என் கொழுந்தியாள் வீட்டில் இதே மாதிரிக் குழாய் ஓயாமல் ஆவி கக்கிச் சொட்டியது. அங்கே கசிவும் இல்லை, பெருக்கமும் இல்லை. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் உயரம், அங்கே தண்ணீர் 95 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட்டை 98-இல் வைத்தால் அந்த எண்ணை அது என்றைக்குமே எட்டாது, தொட்டி நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டே இருக்கும். 91-க்கு இறக்கச் சொன்னேன். போனிலேயே ரிப்பேர் முடிந்தது.

நிஜமாகவே ஒழுகும் குழாயை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், நேரம்தான் சாட்சி. கோப்பை பிடித்துச் சில நிமிடத்தில் நிற்கும் சொட்டு பெருக்கம். இரண்டு மணி நேரம் யாரும் தொடாமல் இருந்தும் ஒரே தாளத்தில் சொட்டினால் வால்வு நீரை விடுகிறது. உறுதி செய்யப் பிளக்கைப் பிடுங்கி ஆறவிடுங்கள். ஆறிய பிறகும் சொட்டி, ஆங்கிள் வால்வை மூடியதும் நின்றால் சந்தேகமே இல்லை, குழாயின் உள்வால்வை மாற்ற வேண்டியதுதான். அதே மாடலுக்கான உள்வால்வே வேண்டும், அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று கடைக்காரர் தருவது வேண்டாம். கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் அது ஓ-ரிங், மலிவான வேலை. எந்தக் காரணத்துக்காகவும் குழாயின் மூக்கில் சல்லடை மூடியோ ரப்பர் ஹோஸோ மாட்டாதீர்கள், விரலால்கூட அடைக்காதீர்கள்.

பழைய குழாயை ஆயா தூக்கிப் போட்டிருக்கவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து மசாலா டப்பாக்களோடு அடுக்கி வைத்திருந்தார். இந்த ஊரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்து நான் பார்த்ததில்லை. அதைப் பிரித்தேன். மணல் புகுந்து உள்வால்வின் பீங்கான் தகடு கீறியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு தண்ணீர் நின்று நின்று வந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குழாய்களில் எத்தனையோ வால்வு அப்படித்தான் போனது. இதில் ஒரு கீறல்கூட இல்லை. புத்தம் புதுசு.

தொட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. தொப்பை போட்ட தகட்டைத் தட்டி நேராக்கி ரப்பர் வளையம் மாற்றலாமே என்று மச்சான் கேட்டார். ஒரு முறை அந்த அளவு இழுபட்ட தகட்டையும் அதன் வெல்டிங்கையும் நான் நம்பமாட்டேன், ஆலையிலும் நம்பமாட்டேன். அதே மாடலில் தொட்டி மட்டும் வாங்கினோம். பழைய குழாயை மூன்று வாலோடு திரும்ப மாட்டி, வடிகட்டிக்கு முன்னால் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று சேர்த்து 3 பாருக்கு இறக்கினேன். கைப்பிடியைத் திறந்து, மூக்கில் தண்ணீர் காற்றில்லாமல் ஓடும்வரை பிடித்த பிறகுதான் பிளக்கைச் செருகினேன். காலித் தொட்டியில் எலிமென்ட் எரிந்தால் அன்றைக்கே அதன் ஆயுள் முடியும். சிங்க்குக்குக் கீழே புதிதாகப் போட்டிருந்த சாக்கெட் தரைக்கு ஒரு சாண் உயரத்தில், ஈரம் எட்டும் இடத்தில் இருந்தது. அதில் நான் கை வைக்கவில்லை. பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேலே ஏற்றி, அதற்கான சான்றிதழும் வாங்கினோம்.

கடைசியில் ஆயாவிடம்தான் வழக்கு நின்றது. "மறுபடி சொட்டுதே மாப்ளே." இருமல் மருந்து பாட்டிலின் அளவு மூடியைக் கேட்டு வாங்கி, ஒரு கோப்பை கொதிநீர் பிடித்துவிட்டு மூடியைக் குழாய்க்குக் கீழே வைத்தேன். இருவரும் நின்று பார்த்தோம். நாலு நிமிடத்தில் சொட்டு நின்றது. மூடியில் 11 மில்லி. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார், இன்னும் ஐந்து நிமிடம் குழாயைப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பித்தளைச் செம்பை எடுத்துக் குழாய்க்கு அடியில் நிரந்தரமாக வைத்துவிட்டார். சேரும் தண்ணீர் ஆறிய பிறகு கொல்லையில் கறிவேப்பிலைக்குப் போகிறது.

அந்த ரிப்பேர்க்காரரைப் பார்க்க மச்சானோடு போனேன். சண்டைக்குப் போகவில்லை, தொட்டியை மட்டும் கையில் எடுத்துப் போனேன். அவர் வீட்டுத் திண்ணையில் வைத்ததும் அது ஆடியது. அவர் விரலால் தொட்டு இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். படத்தைக் காட்டி மூன்று வாலையும் விளக்கினேன். மூன்றாவது வாலில் ஏன் வால்வு இல்லை என்று அவரே இரண்டு கேள்வி கேட்டார், நல்ல கேள்விகள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. இன்னும் இரண்டு வீட்டில் இதே மாதிரி மாற்றிக்கொடுத்திருப்பதாகச் சொன்னார்.

அன்று மாலையே மூவரும் போனோம். முதல் வீட்டில் பிளக்கைப் பிடுங்க உடனே ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்தினார். "இப்ப ஒரு சொட்டு வரதில்ல. நல்லா இருக்கிறத ஏன் பிரிக்கணும்?" நான் ஆடும் தொட்டியை அவர் வீட்டு வாசற்படியில் வைத்தேன்.